கில்ட்டின் இடுப்பு எங்கே போனது?

கேள்வி, 2023 செப்டம்பர் 8

எடின்பரோவுக்குச் சுற்றுலா போய் வந்தேன். தெருவில் கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்களின் மடிப்பு வைத்த முழங்கால்வரைப் பாவாடை, அணிந்தவர்களைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. ஆண்களின் பேன்ட் பத்து வருடத்துக்கு ஒருமுறை அகலமாகிறது, ஒடுங்குகிறது, மறுபடி அகலமாகிறது. கில்ட் மட்டும் நானூறு வருடமாக அப்படியே நிற்கிறது. ஃபேஷன் தொடாத ஒரே ஆண் உடை இதுதான் என்று சொல்லலாமா?

செப்டம்பர் 8, இரவு

சொல்ல முடியாது. கிளாஸ்கோவில் பதினாறு வருடமாகத் துணி ஆல்டர் செய்யும் கடை வைத்திருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று கில்ட்டாவது என் மேசைக்கு வரும். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாலே ஏறக்குறைய எந்தக் காலத்தில் தைத்தது என்று தெரிந்துவிடும். மாறாத உடைக்கு அப்படிக் காலம் சொல்ல முடியுமா? நாளை விரிவாக எழுதுகிறேன்.

செப்டம்பர் 9

ஆரம்பத்தில் இது தைத்த உடையே இல்லை. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட் மலைப்பகுதி ஆண்கள் கட்டியது பெரிய கில்ட். அவர்களுடைய கேலிக் மொழியில் ஃபேலே மோர். அந்தக் காலத் தறியில் துணியின் அகலம் குறைவு. அதனால் இரண்டு பட்டைகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து ஒரே போர்வையாக்குவார்கள். நாலைந்து கெஜ நீளம் இருக்கும். அதைக் கொசுவி இடுப்பில் பெல்ட் போட்டால் கீழ்ப்பாதி முழங்கால் வரை தொங்கும். மேல்பாதியைத் தோளில் போட்டு ஊசி குத்தலாம். மழை வந்தால் தலைக்கு இழுத்துக்கொள்ளலாம். இரவில் அவிழ்த்துப் படுத்தால் அதுவே கம்பளி.

18ஆம் நூற்றாண்டில் மேல்பாதி போய், கீழ்ப்பாதி மட்டும் தனி உடையானது. ஃபேலே பெக், சின்ன கில்ட். இதற்கு யார் காரணம் என்பதில் ஸ்காட்லாந்தில் இன்றும் சண்டை உண்டு. தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர் 1720களின் கடைசியில் இன்வர்கேரியில் இரும்பு உலை நடத்தினார். உலையில் வேலை செய்பவனுக்கு அவ்வளவு துணி இடைஞ்சல் என்று அவர்தான் பாதியாக்கினார் என்று 1768இல் எழுதிய ஒரு கடிதம் சொல்கிறது. அவருக்கு முன்பே இருந்தது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. யார் வெட்டினாலும் எனக்கு ஒன்றுதான் படுகிறது. வேலை மாறியது, அதனால் துணி குறைந்தது. ஆண்கள் உடை எங்குமே அப்படித்தான் மாறியிருக்கிறது.

அப்புறம் தடை வந்தது. பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காகக் கிளர்ச்சி செய்த ஜாக்கபைட்டுகள் கலோடன் போரில் தோற்ற 1746ஆம் வருடமே சட்டம் போட்டார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் ஆண்கள் ஹைலாண்ட் உடை அணியக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. இரண்டாம் முறை என்றால் ஏழு வருடம் கடல் கடந்த காலனிக்கு நாடுகடத்தல். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் இந்தத் தடையை நீக்கினார்கள்.

முப்பத்தைந்து வருடம். அப்பா கட்டியதைப் பார்க்காமலே ஒரு பையன் பெரியவனாகிவிடுகிற காலம். அந்த இடைவெளியில் கில்ட்டைத் தொடர்ந்து அணிந்தவன் சிப்பாய்தான். அதனால் கில்ட்டை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் படைத் தையல்காரர்களின் கைதான் பெரிது. 1790களில் கொசுவத்தை நிரந்தரமாகத் தைத்துவிட்டார்கள். எட்டு கெஜத் துணியை மடித்து, இடுப்புக்கும் பிட்டத்துக்கும் இடையில் இறுக்கித் தைத்து, கீழே விட்டுவிடுவது. இன்று நாம் பார்ப்பது அதன் வாரிசு.

செப்டம்பர் 10

மேலே ஒரு தவறு. எட்டு கெஜம் என்று எழுதிவிட்டேன். 1790களின் தைத்த கில்ட்டுகளில் ஏறக்குறைய நாலு கெஜம்தான் இருந்தது. கொசுவமும் பாக்ஸ் ப்ளீட், அதாவது இரண்டு பக்கமும் மடித்த அகலமான மடிப்பு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கார்டன் ஹைலாண்டர்ஸ் படை நைஃப் ப்ளீட்டுக்கு மாறியது. எல்லா மடிப்பும் ஒரே பக்கம் சாய்ந்து, கத்தி அடுக்கினாற்போல நெருங்கி நிற்பது. நெருங்க நெருங்கத் துணி கூடத்தானே வேண்டும்? நாலு ஐந்தாகி, ஆறாகி, எட்டு கெஜம் நின்றது 20ஆம் நூற்றாண்டில்.

கடைக்கு வருகிறவர்கள் “உண்மையான கில்ட் என்றால் எட்டு கெஜம்” என்று சொல்லும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். அந்தப் பழக்கம்தான் எழுத்திலும் வந்துவிட்டது.

எட்டு கெஜம் என்றால் எப்படி என்று கேட்டவருக்கு: இரட்டை அகலத் துணியில் நாலு கெஜம் வாங்கி, நடுவில் கிழித்து, இரண்டையும் முனையோடு முனை இணைப்போம். இணைப்பு ஒரு மடிப்புக்குள் ஒளிந்துவிடும். கீழ் விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. தறியிலிருந்து வந்த கரையே கில்ட்டின் கீழ் ஓரம். அதனால் உயரத்தைக் கீழேயிருந்து குறைக்கவே முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

செப்டம்பர் 16

இப்போது இடுப்பு. நான் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத வந்ததே இதற்காகத்தான்.

சரியாகத் தைத்த கில்ட்டின் மேல் விளிம்பு தொப்புளுக்குச் சற்று மேலே நிற்கும். காரணம் எளிது. தைத்த கில்ட் உருவான காலத்தில் ஆண்களின் கால்சட்டையும் அங்கேதான் நின்றது. வேஸ்ட்கோட் குட்டையாகி, கால்சட்டை மேலே ஏறியிருந்த காலம் அது. 1812 வாக்கில் ஹென்றி ரேபர்ன் வரைந்த, ஹைலாண்ட் குலத் தலைவர் கிளென்கேரி மெக்டானலின் முழு உருவ ஓவியம் எடின்பரோவின் தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. அதன் முன் நான் முதல் தடவை நின்றபோது முகத்தைப் பார்க்கவில்லை. பெல்ட் எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன். உயரத்தில் இருந்தது.

1950கள் வரை பேன்ட்டும் அதே உயரத்தில்தான் இருந்தது. அதனால் கில்ட் அணிய யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பேன்ட் மாட்டும் இடத்தில் கில்ட்டை மாட்டினார்கள். 60களில் பேன்ட் இறங்கத் தொடங்கியது. 90களிலும் 2000களிலும் ஜீன்ஸ் இடுப்பெலும்புக்கே போய்விட்டது. அந்த ஜீன்ஸில் வளர்ந்த பையன் கல்யாணத்துக்குக் கில்ட் எடுக்க வருகிறான். “என் அளவு 34” என்கிறான். அது ஜீன்ஸ் அளவு. நான் டேப்பைத் தொப்புளில் வைத்தால் 37 வரும், 38கூட வரும். நம்ப மாட்டான். அவன் இடுப்பு என்று நினைக்கும் இடமும் கில்ட் இடுப்பு என்று நினைக்கும் இடமும் வேறு வேறு.

கீழே இறக்கி அணிந்தால் என்ன ஆகும்? கில்ட் ஒரு கூம்பு மாதிரி. பிட்டத்தில் அகலம், இடுப்பில் குறுகல். ஒவ்வொரு மடிப்பும் மேலே போகப் போக மெலிகிறது. அந்தக் குறுகிய வாயை நாலு இஞ்ச் இறக்கி அகலமான எலும்பில் உட்காரவைத்தால், முன்பக்கம் இழுக்கும், பின்பக்கம் தொங்கும், மடிப்புகள் விசிறி மாதிரி வாயைத் திறக்கும். கீழ் ஓரம் முழங்காலை மூடிவிடும். வேஸ்ட்கோட்டுக்கும் கில்ட்டுக்கும் நடுவில் ஒரு சாண் வெள்ளைச் சட்டை தெரியும். கிளாஸ்கோவில் சனிக்கிழமை மதியம் ஒரு கல்யாண மண்டப வாசலில் நின்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படி.

இது தவறு. அவ்வளவுதான்.

செப்டம்பர் 17

ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஃபேஷன் கில்ட்டுக்குள் நுழைந்த பெரிய கதவே ஜாக்கெட்தான்.

சாதாரணக் கோட்டை கில்ட்டின் மேல் போட்டால், முன்னால் தொங்கும் ஸ்போரன் பையைக் கோட் மூடிவிடும். கில்ட்டில் பை கிடையாது, ஸ்போரன்தான் பை. அதனால் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக் கோட்டை எடுத்து, முன்னால் வெட்டி, நீளம் குறைத்து, கில்ட்டுக்குப் பொருத்தியது. விக்டோரியா காலத்தில் வேட்டைக்குப் போகும் பணக்காரர்களிடம் ட்வீட் கோட் பரவியது. ட்வீட்டில் கில்ட் ஜாக்கெட்டும் வந்தது. ஆர்கைல் என்று பெயர், கையில் மடித்த மாதிரி அகலமான பட்டி இருக்கும். விருந்துக்கு டின்னர் ஜாக்கெட் பழகியதும் அதன் பளபளக்கும் பட்டுக் காலரை எடுத்து ராணுவக் குட்டைக் கோட்டில் ஒட்டினார்கள். பின்னால் இரண்டு சின்ன வால், முன்னால் வெள்ளி பட்டன். அதுதான் பிரின்ஸ் சார்லி. இன்று மாப்பிள்ளைகள் வாடகைக்கு எடுக்கும் கறுப்புக் கோட்.

பெயரைக் கேட்டு 1745இல் கிளர்ச்சி செய்த இளவரசர் போட்டது என்று நினைக்கிறவர்கள் நிறைய. அவருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அது விக்டோரியா காலத்தது.

செப்டம்பர் 17, இரவு

விக்டோரியா காலத்தது இல்லை. ஒருவர் தனியாக எழுதித் திருத்தினார், சரியாகத்தான் சொல்கிறார். ராணுவக் கோட் பழையது. பிரின்ஸ் சார்லி என்று இன்று சொல்லும் ஜாக்கெட் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. என் கையில் வந்ததில் பழையது 1930களின் ஒரு ஜாக்கெட். அதற்கு மேல் நான் பார்த்ததில்லை. பார்க்காததை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 30

1822ஐ விட்டுவிட்டேன். பிரிட்டன் அரசர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தார். வரவேற்பை நடத்தியவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அரசர் ஹைலாண்ட் உடைக்குச் செலவழித்தது 1,354 பவுண்டு 18 ஷில்லிங். இரண்டு வாரம் தங்கினார், ஹோலிரூட் அரண்மனையில் ஒரே ஒரு தடவைதான் அதை அணிந்தார். கில்ட் மிகவும் குட்டை. கீழே தோல் நிறத்தில் இறுக்கமான காலாடை. “இருக்கப்போவது கொஞ்ச நாள், முடிந்த மட்டும் கூடவே பார்த்துக்கொள்வோம்” என்று ஒரு சீமாட்டி சொன்னதாகக் கதை.

சிரிப்பு ஒரு பக்கம். நாற்பது வருடத்துக்கு முன்புவரை சிறைக்கு அனுப்பிய உடையை அரசரே போட்டுக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு லோலாண்ட் சமவெளிக்காரனும் போடலாம், லண்டன் கனவானும் போடலாம் என்றானது. மலையில் மாடு மேய்த்தவன் உடை கனவான் உடையானது அந்த மாதம்தான். கனவான் உடையானால் கனவான்களின் ஃபேஷன் அதில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்குமா? வரிசையாக ஒட்டியது. விக்டோரியா அரசியும் ஆல்பர்ட்டும் ஹைலாண்டின் பால்மோரலில் மாளிகை வாங்கிய பிறகு ஸ்போரனே ஆளை மறைக்கும் அளவுக்கு வளர்ந்தது. குதிரைமயிர், முழங்கால்வரை. அப்போதைய ஆண்களின் தாடியையும் நினைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே காலத்தின் ரசனை.

அக்டோபர் 5

கைலியும் கில்ட்டும் ஒன்றா என்று மூன்று பேர் கேட்டாயிற்று. இல்லை. கைலி உடம்புக்கு ஏற்ப ஒவ்வொரு முறையும் கட்டிக்கொள்வது, கில்ட் உடம்பு அளவெடுத்துத் தைப்பது. பெரிய கில்ட்டோடு வேண்டுமானால் ஒப்பிடலாம்.

உண்மையான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. சிப்பாய்களுக்கு மட்டும் விலக்கு என்று எழுதினேன் அல்லவா? தடை அமலில் இருந்தபோதே திரட்டிய ஹைலாண்ட் படைகளில் ஒன்று லார்ட் மெக்லியோடின் 73ஆம் படை. அது 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியது. அதே செப்டம்பரில் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் ஐதர் அலியின் படை கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் பெய்லி படையை அழித்தபோது அதில் இந்த ஹைலாண்டர்களின் இரண்டு சிறு பிரிவுகளும் இருந்தன. டேவிட் பெயர்ட் என்ற அவர்களுடைய கேப்டன் சிறைபிடிக்கப்பட்டு, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கித் திரும்பி வந்தார். நான் காஞ்சிபுரத்துக்காரன். புள்ளலூர் ஏரிக்கரையில் விளையாடியவன். இந்தப் படையின் ஊரில் வந்து அவர்களுடைய உடைக்குப் பக்கிள் தைப்பேன் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

அக்டோபர் 6

ராணுவமும் கில்ட்டை எப்போதும் பிடித்து வைத்திருக்கவில்லை. 1809இல் ஆறு ஹைலாண்ட் படைகளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஆள் சேர்ப்புக்குத் தடையாக இருக்கிறது என்பது காரணம். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் கில்ட்டின் மேல் காக்கி ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஈரம் உறைந்தால் கீழ் ஓரம் முழங்காலின் பின்புறத்தைக் கிழிக்கும். 1940இல் பிரான்சில் கேமரன் ஹைலாண்டர்ஸ் அணிந்ததோடு, போர்க்களத்தில் ஒரு படையே கில்ட் அணியும் கதை முடிந்தது.

அந்த நாட்களின் படைக் கில்ட் ஒன்று என்னிடம் இருக்கிறது. பழைய சாமான் கடையில் 40 பவுண்டுக்கு வாங்கினேன். இப்போது ஒரு கெஜம் 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ் என்று நெய்கிறார்கள். இது அதைவிடக் கனம், போட்டால் நடையே மாறுகிறது. மடிப்பு தானாக விழுகிறது, இஸ்திரி தேவையில்லை.

அக்டோபர் 21

வெள்ளைக் காலுறை. இதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

2009இல் என்னோடு வேலை செய்த ஸ்காட்லாந்து நண்பனின் கல்யாணம். மாப்பிள்ளைத் தோழர்கள் ஆறு பேருக்கும் ஒரு வாடகைக் கடையில் சொல்லியிருந்தது. எனக்கு வந்த கில்ட் இரண்டு இஞ்ச் குட்டை. கரை கீழே என்பதால் இறக்கவும் வழியில்லை. துணி பாலிவிஸ்கோஸ், கம்பளி இல்லாத செயற்கை இழை. கனம் இல்லாததால் காற்று அடித்தபோதெல்லாம் கையால் பிடிக்க வேண்டியிருந்தது. கழுத்தில் பளபளக்கும் நீள டை. காலில் முழங்கால்வரை பால்வெள்ளைக் காலுறை. தேவாலயத்தின் புல்தரையில் பத்து நிமிடம் நின்றதும் ஆறு பேர் காலுறையிலும் பச்சைக்கறை. கடைக்காரரிடம் குட்டையைச் சொன்னதற்கு “எல்லோரும் அப்படித்தான் போடுகிறார்கள்” என்றார். எல்லோரும் கீழே இறக்கிப் போடுவதால் உயரம் போதும் என்று கணக்கு வைத்திருக்கிறார்! நான் இடுப்பில் போட்டதுதான் அவர் கணக்கில் கோளாறு. கில்ட் தைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

வெள்ளை பரவுவதற்கு முந்தைய விருந்துப் படங்களைப் பாருங்கள். டார்ட்டன், அதாவது கில்ட்டின் கட்டம்போட்ட துணி, அதன் நிறத்துக்குப் பொருத்தமாகக் கட்டம் போட்ட காலுறை, சிவப்பு, பச்சை, நீலம். வெள்ளை பரவியது வாடகைக் கடைகளால். ஒரே நிறம் வாங்கி வைத்தால் எந்த டார்ட்டனுக்கும் கொடுக்கலாம், கொதிநீரில் போட்டுத் துவைக்கலாம். இருபது வருடத்தில் அதையே “மரபு” என்று சொல்லத் தொடங்கினார்கள். பிறகு கரும்சாம்பல் காலுறை வந்தது, அதுவும் அதே காரணத்துக்காக.

நவம்பர் 2

தொப்பியைப் பற்றி ஒரு வரி. 60களில் ஆண்கள் பொதுவாகத் தொப்பியை விட்டார்கள். கில்ட்டோடு போட்ட கிளென்கேரி, பால்மோரல் தொப்பிகளும் அதோடு போயின. பேக்பைப் இசைக்கருவி வாசிப்பவர்களையும் படைவீரர்களையும் தவிர யாரும் இப்போது அதிகம் போடுவதில்லை. கில்ட்டுக்கும் தொப்பிக்கும் எந்தச் சண்டையும் வரவில்லை. தெருவில் நடந்தது கில்ட்டிலும் நடந்தது.

2024 ஜனவரி 7

டண்டீ நகரின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் டார்ட்டன் கண்காட்சி முடியப்போகிறது என்று கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். கிளென் அஃப்ரிக் சதுப்பில் கிடைத்த துணித் துண்டை வைத்திருந்தார்கள். 1500க்கும் 1600க்கும் இடைப்பட்டது. ஸ்காட்லாந்தில் கிடைத்ததில் மிகப் பழைய டார்ட்டன் அதுதான். ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட இருக்கும், பழுப்பேறிப்போயிருக்கிறது. கட்டம் மட்டும் தெரிகிறது. கண்ணாடிமேல் மூக்கு படும்வரை குனிந்து நின்றேன்.

அங்கிருந்து நகர்ந்தால் 70களின் பங்க் இசைக் காலத்து உடைகள், லண்டன் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டின் வழி. 70களில் எடின்பரோவின் பாப் குழு பே சிட்டி ரோலர்ஸ் பேன்ட் ஓரத்தில் டார்ட்டன் பட்டை வைத்து ரசிகர்களைக் கிறுக்காக்கினார்கள். பங்க்குகள் அதே கட்டத்தைக் கிழித்து ஊக்கு குத்தினார்கள். 80களின் நடுவில் பாரிஸில் ஃபேஷன் வடிவமைப்பாளர் ஜான் பால் கோத்தியே ஆண்களுக்குப் பாவாடை போட்டு மேடையேற்றினார். முன்பெல்லாம் இவை கில்ட்டுக்கு வெளியே நடந்தவை என்று நினைப்பேன். அன்று அப்படி நினைக்க முடியவில்லை. ஏனென்றால் அதற்குப் பத்துப் பதினைந்து வருடத்தில் இவை கில்ட்டுக்குள்ளேயே வந்துவிட்டன.

ஜனவரி 8

நேற்று எழுதியதன் மீதி. 1996இல் எடின்பரோவில் ஹோவி நிக்கல்ஸ்பி கில்ட்டை டெனிமில், தோலில், சூட் துணியில் தைக்க ஆரம்பித்தார். கில்ட் தைக்கும் குடும்பத்தில் பிறந்தவர், வெளியாள் இல்லை. 2000இல் அமெரிக்காவின் சியாட்டிலில் யூட்டிலிகில்ட்ஸ் கம்பெனி வந்தது. பருத்திக் கேன்வாஸ், பக்கவாட்டில் பெரிய பைகள். 90களின் இளைஞன் கார்கோ பேன்ட்டில் வளர்ந்தவன், பை இல்லாத உடை அவனுக்கு உடையே இல்லை. ஸ்போரனின் வேலையைக் கார்கோ பை எடுத்துக்கொண்டது. கால்பந்து ரசிகர்களான டார்ட்டன் ஆர்மியைப் பாருங்கள். மேலே ஸ்காட்லாந்து அணி ஜெர்சி, கீழே கில்ட், கணுக்காலில் சரிந்த தடித்த காலுறை, வேலைக்காரர்கள் போடும் பூட்ஸ். கல்யாண உடையைவிட அது எனக்கு உயிரோடு தெரிகிறது.

கழுத்தில் கயிறு கோத்த தொளதொள சட்டையைப் பற்றிக் கேட்டவருக்கு: அது 1995இல் பிரேவ்ஹார்ட் படம் வந்த பிறகு கடைகளில் குவிந்தது. படத்தின் கதை நடப்பது 13ஆம் நூற்றாண்டின் கடைசியில். அப்போது பெரிய கில்ட்டே கிடையாது.

ஜனவரி 20

செப்டம்பரில் “இது தவறு, அவ்வளவுதான்” என்று எழுதியதை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

போன வாரம் ஒருவர் வந்தார். வயது ஐம்பது இருக்கும், கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. கொஞ்சம் வயிறு. “எனக்கு வயிற்றுக்குக் கீழேதான் நிற்கும், அங்கே நிற்கிற மாதிரி ஒன்று தைத்துத் தாருங்கள், தினமும் போட வேண்டும்” என்றார். பழைய நான் என்றால் டேப்பைத் தொப்புளில் வைத்துப் பிரசங்கம் செய்திருப்பேன். அன்று அவர் பூட்ஸும் வேலைப்பேன்ட்டும் நிற்பதைப் பார்த்தேன். பேன்ட் எங்கே இருக்கிறதோ அங்கே டேப்பை வைத்தேன்.

ஐந்து கெஜம், பாக்ஸ் ப்ளீட். மேலே மெலிதாக்கவில்லை, இடுப்பெலும்பின் சாய்வுக்கு மேல் விளிம்பை லேசாக வளைத்து வெட்டினேன். மொத்த உயரத்தில் மூன்று இஞ்ச் குறைத்தேன். போட்டுப் பார்த்தபோது பின்னால் தொங்கவில்லை, மடிப்பு வாயைத் திறக்கவில்லை, ஓரம் முழங்கால் நடுவில் நின்றது. நன்றாக இருந்தது. சொல்லத்தான் வேண்டும், மிக நன்றாக இருந்தது.

தொப்புள் உயரத்தை நான் வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது 1790களின் கால்சட்டை நின்ற உயரம். அந்தத் தையல்காரன் தன் காலத்து ஆணின் இடுப்பைப் பார்த்து வெட்டினான். நானும் என் காலத்து ஆணைப் பார்த்து வெட்டலாம். தவறு என்று நான் சொன்னது உயரத்தை இல்லை. மேலே நிற்க வெட்டியதைக் கீழே இறக்கிப் போடுவதுதான் தவறு. அதில் மாற்றம் இல்லை. வாடகைக் கடைகள் இரண்டு வெட்டிலும் வைத்துக்கொண்டு, கேட்டுக் கொடுத்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஜனவரி 21

“அப்படியானால் ஸ்லிம் ஃபிட்டும் சரியா?” சரி இல்லை, எனக்குப் பிடிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக மாப்பிள்ளைகள் கறுப்பு பிரின்ஸ் சார்லியை விட்டு ட்வீட் ஜாக்கெட்டுக்குப் போகிறார்கள். பழைய ஆர்கைலின் பேரன். அது நல்ல மாற்றம், கில்ட்டின் நிறம் ட்வீட்டில்தான் எழும்புகிறது. ஆனால் ஜாக்கெட்டை உடம்போடு ஒட்டவைத்து, மேலும் குட்டையாக்கி, கையைத் தூக்கினால் சட்டை வெளியே வருகிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கீழே எட்டு கெஜம் மடிப்பு, மேலே குருவி உடம்பு. தையல் பிரித்து விட்டுத் தாருங்கள் என்று இந்த வருடம் நாலு ஜாக்கெட் வந்திருக்கிறது. உள்ளே விடுவதற்குத் துணி மிச்சமே வைக்கவில்லை.

பிப்ரவரி 11

நேற்று நடந்தது. கலைக் கல்லூரியில் படிக்கும் பையன், பத்தொன்பது இருபது வயது. தாத்தாவின் கில்ட் என்று ஒரு பழைய தலையணை உறையில் சுற்றிக் கொண்டுவந்தான். கையால் தைத்தது. உள்ளே கேன்வாஸ் இன்னும் விறைப்பாக இருந்தது. 50களுடையது என்று நினைக்கிறேன். பூச்சி இரண்டு இடத்தில் தின்றிருந்தது, இரண்டும் மடிப்புக்குள்ளே.

அவன் போட்டிருந்த பேன்ட்டைப் பார்த்தேன். அகலமான கால், முன்னால் இரண்டு மடிப்பு, தொப்புளுக்கு மேலே பெல்ட். இப்போது பையன்கள் இப்படித்தான் போடுகிறார்கள். எங்கே மாட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டு வந்தான். மேல் விளிம்பு சரியாகத் தொப்புளுக்கு மேலே, ஓரம் முழங்கால் நடுவில், பின்னால் மடிப்புகள் நேராக.

“யாராவது சொல்லித்தந்தார்களா?” என்று கேட்டேன். “இல்லை. பேன்ட் இருந்த இடத்தில் போட்டேன்” என்றான்.

தாத்தா அவனைவிடச் சற்றுப் பருமன். வலப்பக்கத்து இரண்டு பக்கிளையும் ஒன்றரை இஞ்ச் தள்ளித் தைத்தேன், பூச்சி தின்றதை உள்பக்கமாக இழையோட்டினேன். வேறு எதையும் தொடவில்லை.

பிப்ரவரி 12

அளவு எப்படி எடுப்பது என்று கேட்டவருக்கு. சட்டைக்கு மேலே டேப் வையுங்கள், மூச்சை இழுக்காதீர்கள். முதலில் கில்ட் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள், அந்த இடத்தில் ஒரு சுற்று. பிட்டத்தின் அகலமான இடத்தில் ஒரு சுற்று. முதல் இடத்திலிருந்து முழங்கால் சிப்பியின் நடுவரை உயரம், இதை நீங்களே குனிந்து எடுத்தால் தப்பாக வரும், இன்னொருவரை எடுக்கச் சொல்லுங்கள். மூன்றையும் எழுதி அனுப்புங்கள். ஜீன்ஸ் அளவு வேண்டாம்.